நிறை எடுப்புகளிலிருந்து சரியாக முடிவெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"எல்லா…", "எந்த…உம் அல்ல" என்ற வகை வாக்கியங்களிலிருந்து எது பின்தொடரும், எது பின்தொடராது என்று கண்டுபிடிக்கும் வேலைக்கான வழிகாட்டி இது. வங்கித் தேர்வுக்கும் நெட் தேர்வின் முதல் தாளுக்கும் தயாராகிறவர்களுக்கு இது உதவும். இலங்கையில் உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பவர்களுக்கும் உதவும்.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் விதிகளை மனப்பாடம் செய்வதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். அவர்கள் போட்ட கணக்கைப் பார்த்தால் விதி சரியாகத்தான் இருக்கும், வாக்கியத்தைத் தப்பாக வாசித்திருப்பார்கள். தப்பாக வாசித்ததன் மேல் விதியை ஒழுங்காகப் போட்டால் தப்பான முடிவு எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்து நிற்கும். எந்த விதியும் அதைப் பிடித்துக் கொடுக்காது. அதனால் கீழே வாசிப்புக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன்

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மனக்கணக்காகச் செய்தால் "எல்லா எ-வும் ப" என்பதை மனம் தானாகவே "எல்லா ப-வும் எ" என்று திருப்பி வைத்துக்கொள்ளும். எழுதி வைத்தது அப்படித் திரும்பாது.

அடுத்து, இரண்டு சொற்களைக் கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியம் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும். கொடுத்தவற்றிலிருந்து ஒரு முடிவுக்குப் போவது அனுமானம், அது வலிதாகவோ வலிதற்றதாகவோ இருக்கும். வலிது என்றால், கொடுத்தவை மெய்யானால் முடிவு பொய்யாக வழியே இல்லை என்று பொருள். முடிவு உலகத்தில் உண்மையா என்பது வேறு கேள்வி. "கூற்றுகள் நடைமுறை உண்மைக்கு மாறாகத் தோன்றினாலும் மெய்யெனக் கொள்க" என்று தேர்வுத் தாளில் போடுவது இதனால்தான்.

மெய்யோ பொய்யோ ஆகக்கூடிய வாக்கியத்தை எடுப்பு என்கிறோம். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது எழுவாய், அதைப் பற்றிச் சொல்வது பயனிலை. இவை ஒவ்வொன்றையும் பதம் என்கிறோம். கீழே எழுவாய்க்கு எ, பயனிலைக்கு ப.

2. நான்கு வடிவங்களில் ஒன்றில் வாக்கியத்தைப் போடுங்கள்

மரபு அளவையியல் நான்கு வடிவங்களை மட்டுமே ஏற்கிறது:

நிறைவிதி (ஏ): எல்லா எ-வும் ப.
நிறைமறை (ஈ): எந்த எ-வும் ப அல்ல.
குறைவிதி (ஐ): சில எ, ப.
குறைமறை (ஓ): சில எ, ப அல்ல.

இரண்டே கேள்விகள் கேட்டால் எந்த வடிவம் என்று தெரிந்துவிடும். எழுவாய் முழுவதையும் பற்றிப் பேச்சா, ஒரு பகுதியைப் பற்றியா? சேர்க்கிறதா, விலக்குகிறதா? முழுவதும் என்றால் நிறை, பகுதி என்றால் குறை. சேர்த்தால் விதி, விலக்கினால் மறை.

"சில" என்பதற்கு இங்கே ஒரே பொருள்: குறைந்தது ஒன்று. அன்றாடப் பேச்சில் "சிலர் வந்தார்கள்" என்றால் மற்றவர்கள் வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கே அப்படி எடுக்கக் கூடாது. எல்லோரும் வந்திருந்தாலும் "சிலர் வந்தார்கள்" மெய்தான்.

பயனிலை வினைச்சொல்லாக இருந்தால் பெயராக மாற்றிவிடுங்கள். "யானைகள் புல் தின்னும்" என்பதை "யானைகள் எல்லாம் புல் தின்பவை" என்று எழுத வேண்டும். பின்னால் பயனிலையை எழுவாய் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். "தின்னும்" என்ற வினை அங்கே போய் உட்காராது, "புல் தின்பவை" உட்காரும்.

3. தமிழ் வாக்கியத்தில் தடுக்கி விழும் இடங்கள்

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும்.

முதல் இடம் "எல்லாம்… அல்ல". "வெளுத்ததெல்லாம் பால் அல்ல" என்ற பழமொழியைப் பாருங்கள். "எல்லாம்" இருக்கிறது, "அல்ல" இருக்கிறது, உடனே நிறைமறை என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் வெள்ளையாக இருக்கும் எதுவுமே பால் அல்ல என்று ஆகிவிடும். பழமொழி சொல்வது, வெளுத்தவற்றில் சில பால் அல்ல என்பதைத்தான். அது குறைமறை.

"பாம்பெல்லாம் விஷமுள்ளவை அல்ல" என்பதும் இதே கட்டு. சாரைப்பாம்பை நினைத்தால் வாக்கியம் மெய். அதையே நிறைமறையாக வாசித்தால் கட்டுவிரியனுக்கும் கண்ணாடிவிரியனுக்கும் விஷம் இல்லை என்று ஆகிவிடும்.

சில வாக்கியங்கள் உண்மையிலேயே இரண்டு பக்கமும் சாயும். "எல்லோரும் வரவில்லை" என்றால் ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம், சிலர் வரவில்லை என்றும் கொள்ளலாம். சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சூழல் எதுவும் சொல்லாவிட்டால் குறைமறையாக எடுங்கள். ஒருவருமே வரவில்லை என்றாலும் குறைமறை மெய்யாகவே இருக்கும், ஆகவே குறைவாகச் சொல்வது பாதுகாப்பு. "ஒருவரும்", "யாரும்", "எதுவும்", "எந்த…உம்" என்று வந்து மறையில் முடிந்தால் சந்தேகமே வேண்டாம், நிறைமறைதான்.

இரண்டாவது இடம் "மட்டுமே". "18 வயது நிறைந்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம்." இதை "18 வயது நிறைந்தவர்கள் எல்லோரும் வாக்களிக்கக்கூடியவர்கள்" என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. வெளிநாட்டுக் குடிமகனுக்கு 40 வயது ஆனாலும் இங்கே வாக்கு இல்லை. சரியான வடிவம்: வாக்களிக்கக்கூடியவர்கள் எல்லோரும் 18 வயது நிறைந்தவர்கள். "மட்டுமே" எந்தப் பதத்தோடு ஒட்டியிருக்கிறதோ அது பயனிலைக்குப் போகும். "உறுப்பினர்களுக்குத்தான் அனுமதி" என்பதிலுள்ள "தான்", "உறுப்பினரே வாக்களிப்பர்" என்பதிலுள்ள ஏகாரம் இரண்டும் பல இடங்களில் இதே வேலையைத்தான் செய்யும்.

மூன்றாவது இடம் "தவிர". "2-ஐத் தவிர எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை." இது ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு எடுப்பு: 2 அல்லாத பகா எண்கள் எல்லாம் ஒற்றைப்படை, 2 ஒற்றைப்படை அல்ல. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பாதித் தகவல் போய்விடும்.

நான்காவது, அளவுச் சொல்லே இல்லாத வாக்கியம். "திமிங்கிலம் பாலூட்டி" என்றால் எல்லாத் திமிங்கிலமும் என்றே பொருள். "குழந்தைகள் வெளியே விளையாடுகிறார்கள்" என்றால் சில குழந்தைகள்தான். எழுவாயின் இயல்பைச் சொல்லும் வாக்கியம் நிறை, கண்ணெதிரே நடப்பதைச் சொல்லும் வாக்கியம் குறை. பெரும்பாலும் இந்தக் கணிப்பு போதும். "பறவைகள் பறக்கும்" போன்றவை இரண்டுக்கும் நடுவே நிற்கும். தீக்கோழி பறக்காது என்று தெரிந்தும் அப்படித்தான் பேசுகிறோம். இவற்றை நிறைவிதியாக எழுதுமுன் பேசுகிறவர் விதிவிலக்கே இல்லை என்றுதான் சொல்கிறாரா என்று பாருங்கள்.

கடைசியாக, சேர்த்து எண்ணும் "எல்லோரும்". "அணி வீரர்கள் எல்லோரும் பதினொருவர்" என்பதை நிறைவிதி ஆக்க முடியாது, தனித்தனியாக எந்த வீரரும் பதினொருவர் அல்லர். "எல்லோரும்" இருக்கும் இடத்தில் "ஒவ்வொருவரும்" போட்டுப் பாருங்கள். வாக்கியம் நின்றால் எடுப்பாக எழுதலாம். நிற்காவிட்டால் அது முழுக்குழுவைப் பற்றிய ஒற்றைச் செய்தி.

4. எந்தப் பதம் முழுதாகப் பேசப்படுகிறது என்று குறியுங்கள்

வடிவம் கிடைத்ததும் ஒவ்வொரு பதத்துக்கும் ஒரு கேள்வி: இந்த வகையைச் சேர்ந்த எல்லாவற்றையும் பற்றி எடுப்பு ஏதாவது சொல்கிறதா? சொன்னால் பதத்தின் கீழ் கோடு போடுங்கள்.

ஏ: எழுவாய் முழுது, பயனிலை பகுதி.
ஈ: இரண்டும் முழுது.
ஐ: இரண்டும் பகுதி.
ஓ: எழுவாய் பகுதி, பயனிலை முழுது.

"திமிங்கிலங்கள் எல்லாம் பாலூட்டிகள்" என்ற எடுப்பு பாலூட்டிகள் அனைத்தையும் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே பயனிலை பகுதி. "எந்தத் திமிங்கிலமும் மீன் அல்ல" என்றால் ஒவ்வொரு மீனைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது: அது திமிங்கிலம் அல்ல.

ஓ வடிவத்தில் பயனிலை ஏன் முழுது என்று பலர் தடுமாறுவார்கள். "சில பாம்புகள் விஷமுள்ளவை அல்ல" என்றால் அந்தச் சில பாம்புகளை விஷமுள்ள உயிரினங்கள் எதிலும் தேடிக் காண முடியாது. விஷமுள்ளவை முழுவதையும் ஒரு சுற்று பார்த்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். சுருக்கமாக வைத்துக்கொள்ள: நிறை எடுப்பில் எழுவாய் முழுது, மறை எடுப்பில் பயனிலை முழுது.

இந்தக் கோடுகள் எதற்கு என்றால், இனி வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே தடைதான் இருக்கிறது. கொடுத்ததில் பகுதியாகப் பேசிய பதத்தை முடிவில் முழுதாகப் பேசக் கூடாது. சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும்.

5. எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றிப் பாருங்கள்

ஈ வடிவத்தை அப்படியே மாற்றலாம். எந்தத் திமிங்கிலமும் மீன் அல்ல என்றால் எந்த மீனும் திமிங்கிலம் அல்ல. இரண்டு பதங்களும் இரண்டு பக்கமும் முழுது. ஐ வடிவத்தையும் அப்படியே மாற்றலாம், அதில் இரண்டும் பகுதி.

ஏ வடிவத்தை அப்படியே மாற்ற முடியாது. பயனிலை பகுதியாகத்தான் பேசப்பட்டது, எழுவாய் இடத்துக்குப் போனால் முழுதாகிவிடும். "எல்லா ப-வும் எ" என்பதற்குப் பதில் "சில ப, எ" என்று குறைத்துத்தான் எழுதலாம். ஓ வடிவத்துக்கு இடமாற்றமே கிடையாது. "சில பாலூட்டிகள் திமிங்கிலங்கள் அல்ல" மெய். அதைத் திருப்பினால் "சில திமிங்கிலங்கள் பாலூட்டிகள் அல்ல" என்ற பொய் வருகிறது.

நிறைவிதியைத் திருப்புவதில் வரும் பிழைக்கு, நியாயம் என்ற பழைய இந்தியத் தருக்க மரபின் நூலார் தரும் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். "எங்கெல்லாம் புகை உண்டோ அங்கெல்லாம் நெருப்பு உண்டு" என்பது அவர்கள் அனுமானத்துக்கு அடிப்படையாக வைக்கும் நிறைவிதி. இதைத் திருப்பி "எங்கெல்லாம் நெருப்பு உண்டோ அங்கெல்லாம் புகை உண்டு" என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு எதிரே வந்து நிற்கும். அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு என்ற கூடுதல் நிபந்தனை இருந்தால்தான் நெருப்பிலிருந்து புகைக்குப் போக முடியும் என்று அவர்கள் விளக்குவார்கள். நிறைவிதியைத் திருப்பச் சொல்லி ஒரு கணக்கு உங்களை இழுக்கும்போதெல்லாம், திருப்பியதற்கு இப்படி ஓர் எதிர் உதாரணத்தைத் தேடுங்கள். அநேகமாக உடனே கிடைக்கும்.

6. எழுவாய் வகையில் யாராவது உண்டா என்று முடிவு செய்யுங்கள்

ஏ-யைக் குறைத்துத் திருப்பினோமே, அதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. "எல்லா எ-வும் ப" என்பதிலிருந்து "சில ப, எ" என்று சொன்னால், குறைந்தது ஓர் எ உலகத்தில் உண்டு என்று சொல்லியாகிவிட்டது.

"அத்துமீறி நுழைபவர்கள் எல்லோரும் தண்டிக்கப்படுவார்கள்" என்ற பலகையைப் பாருங்கள். யாருமே நுழையாவிட்டாலும் பலகை பொய்யாகாது, சொல்லப்போனால் யாரும் நுழையக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் "தண்டிக்கப்படுபவர்களில் சிலர் அத்துமீறி நுழைந்தவர்கள்" என்று அதிலிருந்து எடுக்க முடியாது.

மரபு அளவையியல், பேசப்படும் வகைகளில் உறுப்பினர் உண்டு என்று எடுத்துக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணிதவியலர் ஜார்ஜ் பூல் வழிவந்த நவீன அளவையியல் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அங்கே நிறை எடுப்பு யாரும் உண்டு என்று உறுதி தராது, குறை எடுப்பு மட்டுமே தரும். இரண்டும் தத்தம் அளவில் சரி, கலந்தால்தான் தப்பு. வங்கித் தேர்வு மரபு வழியில் போகிறது: "எல்லா எ-வும் ப" தந்தால் "சில ப, எ" சரியான விடை. நெட் தேர்வில் எதிர்நிலைச் சதுரம் (எட்டாம் படி) கேட்டாலும் மரபு வழியிலேயே யோசியுங்கள். வென் வட்டங்கள் (பத்தாம் படி) வரையும்போது நவீன வழி. தாளின் மேலே "உண்டு" அல்லது "தெரியாது" என்று ஒரு சொல் எழுதிவிட்டு ஆரம்பித்தால் நடுவில் மாறிப் போகாது. கீழே நான் "உண்டு" என்று வைத்துக்கொள்கிறேன்.

7. மறுத்துத் திருப்புதல்

இதில் முதல் பாதி எளிது. விதியை மறையாகவோ மறையை விதியாகவோ மாற்றி, பயனிலைக்கு "அல்லாத" சேர்க்க வேண்டும். "எல்லா எ-வும் ப" என்பது "எந்த எ-வும் ப அல்லாதது அல்ல" ஆகும். இது நான்கு வடிவங்களுக்கும் செல்லும், எதுவும் குறையாது.

கவனிக்க வேண்டியது "அல்லாத" என்பதை. "ஏழை அல்லாதவர்" என்றால் பணக்காரர் இல்லை. நடுவில் இருப்பவர் அத்தனை பேரும் அதில் அடக்கம். எதிர்ச்சொல்லைப் போட்டுவிட்டால் நடுவில் இருப்பவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

இதோடு இடமாற்றத்தைச் சேர்த்தால் நிறைவிதிக்கு மிகவும் பயனுள்ள ஒரு வடிவம் கிடைக்கும். மாநிலங்களவை உறுப்பினர் ஆக 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது இந்திய அரசியலமைப்பு. அதை வைத்துச் செய்வோம்:

மாநிலங்களவை உறுப்பினர்கள் எல்லோரும் 30 வயது நிறைந்தவர்கள்.
மறுத்தால்: எந்த மாநிலங்களவை உறுப்பினரும் 30 வயது நிறையாதவர் அல்லர்.
இடம் மாற்றினால்: 30 வயது நிறையாத எவரும் மாநிலங்களவை உறுப்பினர் அல்லர்.
மறுபடி மறுத்தால்: 30 வயது நிறையாதவர்கள் எல்லோரும் மாநிலங்களவை உறுப்பினர் அல்லாதவர்கள்.

நடுவில் ஈ வடிவம் வருவதால்தான் இடமாற்றம் தடையில்லாமல் நடந்தது. படிகளைத் தாண்டி நேரே கடைசி வரிக்குக் குதிக்கிறவர்கள்தான் பெரும்பாலும் "மாநிலங்களவை உறுப்பினர் அல்லாதவர்கள் எல்லோரும் 30 வயது நிறையாதவர்கள்" என்று எழுதி வைக்கிறார்கள். பதங்களை மறுத்தாயிற்று, இடம் மாற்றவில்லை. புகை உதாரணத்திலும் அப்படித்தான்: நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை என்பது சரி, புகை இல்லாத இடத்தில் நெருப்பு இல்லை என்பது தப்பு.

8. ஒன்று மெய்யானால் மற்ற மூன்றும் என்னவாகும்

ஒரே எழுவாய், ஒரே பயனிலை. வடிவம் மட்டும் மாறுகிறது. ஒரு சதுரத்தின் மேல் மூலைகளில் ஏ, ஈ என்றும், அவற்றுக்கு நேர் கீழே ஐ, ஓ என்றும் எழுதுங்கள். இதுதான் எதிர்நிலைச் சதுரம். மிக உறுதியான உறவு குறுக்கே போவது: ஏ-யும் ஓ-வும், ஈ-யும் ஐ-யும். இந்த இணைகளில் ஒன்று மெய், மற்றது பொய். வேறு வாய்ப்பு கிடையாது. முதலில் இதைப் போடுங்கள். பிறகு கீழ்நோக்கிப் போங்கள்: ஏ மெய்யானால் ஐ மெய், ஈ மெய்யானால் ஓ மெய். மேல்நோக்கிப் போகும்போது பொய் மட்டும் ஏறும்: ஐ பொய்யானால் ஏ பொய். இந்த மூன்றிலிருந்தே மிச்சத்தை வரவழைக்கலாம். ஏ-யும் ஈ-யும் ஒருசேர மெய்யாக முடியாது, ஒருசேரப் பொய்யாகலாம். ஐ-யும் ஓ-வும் ஒருசேரப் பொய்யாக முடியாது.

இங்கே வரும் பிழை ஒன்றுதான், ஆனால் விவாத மேடை வரைக்கும் அது போகிறது. "எல்லா" என்பதை மறுக்க "எதுவும் இல்லை" என்று பேசுவது. "எந்தப் பாலூட்டியும் முட்டையிடாது" என்பதை மறுக்க ஒரே ஒரு பிளாட்டிபஸ் போதும். எல்லாப் பாலூட்டிகளும் முட்டையிடும் என்று காட்ட வேண்டிய அவசியமே இல்லை, காட்டவும் முடியாது. எதிராளி நிறை எடுப்பு பேசினால் நீங்கள் குறை எடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுமை குறையும்.

வங்கித் தேர்வில் "ஒன்று அல்லது மற்றது" என்று ஒரு விடை வரும். இரண்டு முடிவுகளும் தனித்தனியாகப் பின்தொடரவில்லை, ஆனால் ஒரே பதங்களுடன் குறுக்கு இணையாக நிற்கின்றன என்றால் அந்த விடைதான். "சில எ, ப" என்பதும் "எந்த எ-வும் ப அல்ல" என்பதும் அப்படிப்பட்ட இணை.

9. இரண்டு எடுப்புகளிலிருந்து மூன்றாவது

இரண்டு எடுப்புகளிலிருந்து மூன்றாவதை முடிவாக எடுக்கும் அனுமானம் நியாயத்தொடை. அதில் மூன்று பதங்கள். முடிவின் எழுவாய் சிறுபதம், முடிவின் பயனிலை பெரும்பதம், முடிவில் வராமல் இரண்டையும் இணைப்பது மத்திய பதம். அதனால் முடிவிலிருந்து தொடங்குங்கள். முடிவைப் பார்த்தால்தான் எது எந்தப் பதம் என்று தெரியும்.

வடிவங்களைக் கணக்கிட்டால் மொத்தம் 256 வரும். அதில் மரபு வழியில் 24 வலிது, வகைகளில் உறுப்பினர் உண்டு என்று எடுத்துக்கொள்ளாவிட்டால் 15. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். கீழே உள்ளபடி, இந்த வரிசையில் பார்த்தால் போதும்.

முதலில், பதம் மூன்றுதானா? ஒரே சொல் இரண்டு பொருளில் வந்தால் பதம் நான்காகிவிடும், இணைப்பு அறுந்துபோகும்.

இரண்டாவது, மறை எடுப்புகளை எண்ணுங்கள். கொடுத்தவை இரண்டும் மறையானால் முடிவே கிடையாது. ஒன்று மறையானால் முடிவும் மறையாக வேண்டும். மறையே இல்லாவிட்டால் முடிவு மறையாக முடியாது. இதை முன்னால் வைப்பது, பார்த்த மாத்திரத்தில் முடிந்துவிடும் என்பதால்.

மூன்றாவது, மத்திய பதத்தின் கீழ் ஓரிடத்திலாவது கோடு இருக்கிறதா? "நல்லபாம்புகள் எல்லாம் ஊர்வன, ஆமைகள் எல்லாம் ஊர்வன" என்பதிலிருந்து எதுவும் வராது. ஊர்வனவற்றில் இரண்டு வெவ்வேறு பகுதிகளைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

நான்காவது, முடிவில் கோடு உள்ள பதத்துக்குக் கொடுத்த எடுப்பிலும் கோடு உண்டா? இதில்தான் கெட்டிக்காரர்களும் சறுக்குவார்கள். பாருங்கள்:

மாநிலங்களவை உறுப்பினர்கள் எல்லோரும் இந்தியக் குடிமக்கள்.
எந்த மக்களவை உறுப்பினரும் மாநிலங்களவை உறுப்பினர் அல்லர்.
ஆகவே எந்த மக்களவை உறுப்பினரும் இந்தியக் குடிமகன் அல்லர்.

கொடுத்த இரண்டும் மெய். ஒரே நேரத்தில் இரு அவைகளிலும் உறுப்பினராக இருக்க அரசியலமைப்பு இடம் தரவில்லை. முடிவு பொய் என்பது கண்கூடு. காரணம், "குடிமக்கள்" முதல் வரியில் பகுதி, முடிவில் முழுது. முடிவு பொய் என்று நமக்கு முன்பே தெரிந்ததால் இங்கே உடனே பிடிபட்டது. தெரியாத விஷயத்தில் இதே கட்டு வந்தால் கோடுகள்தான் காட்டிக்கொடுக்கும்.

சிறுபதத்திலும் இதே சறுக்கல் உண்டு. நீலத்திமிங்கிலங்கள் எல்லாம் பாலூட்டிகள், நீலத்திமிங்கிலங்கள் எல்லாம் கடல்வாழ்வன. இதிலிருந்து "கடல்வாழ்வன எல்லாம் பாலூட்டிகள்" வராது. "கடல்வாழ்வன சில பாலூட்டிகள்" வரும், அதுவும் நீலத்திமிங்கிலம் உண்டு என்று ஏற்றுக்கொண்டால். ஆறாம் படியில் "தெரியாது" என்று எழுதியிருந்தால் இரண்டு நிறை எடுப்புகளிலிருந்து குறை எடுப்புக்கு இறங்கக் கூடாது.

10. வட்டம் வரைந்து சரிபாருங்கள்

ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள், பதத்துக்கு ஒன்று. நிறை எடுப்பு என்றால், அது காலி என்று சொல்லும் பகுதியை நிழலிடுங்கள். குறை எடுப்பு என்றால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். நிறை எடுப்பு இரண்டாவதாகக் கொடுக்கப்பட்டிருந்தாலும் அதைத்தான் முதலில் வரைய வேண்டும். குறி போட வேண்டிய இடம் இரண்டாகப் பிரிந்திருந்தால் எந்தப் பாதி என்று நிழல் சொல்லிவிடும். நிழல் சொல்லாவிட்டால் குறியை இரண்டையும் பிரிக்கும் வட்டக் கோட்டின் மேலேயே போடுங்கள். முடிவுக்காக எதையும் வரையாதீர்கள். கொடுத்ததை வரைந்ததிலேயே முடிவு தெரிய வேண்டும்.

11. ஒரு கணக்கு, ஆரம்பம் முதல்

கொடுத்தவை: "விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் எழுத்துத் தேர்வில் தேறவில்லை. தேறியவர்கள் மட்டுமே நேர்காணலுக்கு அழைக்கப்படுவார்கள்."
முடிவு: "விண்ணப்பித்தவர்களில் சிலர் அழைக்கப்படுவதில்லை."

முதல் வாக்கியம் "எல்லோரும்… இல்லை" கட்டு. சூழல் வேறு எதுவும் சொல்லவில்லை, குறைமறை: விண்ணப்பித்தவர்களில் சிலர் தேறியவர்கள் அல்லர். இரண்டாவதில் "மட்டுமே" ஒட்டியிருப்பது தேறியவர்களோடு, அது பயனிலைக்குப் போகும்: அழைக்கப்படுபவர்கள் எல்லோரும் தேறியவர்கள்.

சிறுபதம் விண்ணப்பித்தவர்கள், பெரும்பதம் அழைக்கப்படுபவர்கள், மத்திய பதம் தேறியவர்கள். மறை ஒன்று, முடிவும் மறை, சரி. "தேறியவர்கள்" குறைமறையின் பயனிலை, கோடு உண்டு. முடிவில் "அழைக்கப்படுபவர்கள்" முழுது; கொடுத்ததில் நிறைவிதியின் எழுவாய், அங்கேயும் முழுது. வலிது.

வட்டத்தில் முதலில் நிறைவிதி: அழைக்கப்படுபவர்கள் வட்டத்தில் தேறியவர்களுக்கு வெளியே உள்ளதை நிழலிடுங்கள். அடுத்து, விண்ணப்பித்தவர்களுக்குள்ளும் தேறியவர்களுக்கு வெளியிலும் குறி. அந்த இடம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, ஒரு பாதி ஏற்கெனவே நிழல். குறி மற்ற பாதியில் விழும், அது அழைக்கப்படுபவர்களுக்கு வெளியே இருக்கிறது. வரிசை மாறியிருந்தால் குறியைக் கோட்டில் போட்டுவிட்டுப் பிறகு அழித்திருக்க வேண்டும்.

இதே கணக்கில் முதல் வாக்கியத்தை நிறைமறையாக எழுதியிருந்தால் "விண்ணப்பித்த எவரும் அழைக்கப்படுவதில்லை" என்ற முடிவு வந்திருக்கும். அந்த அனுமானமும் வலிதுதான், மேலே சொன்ன அத்தனை சோதனையிலும் தேறும். பிழை மூன்றாம் படியிலேயே நடந்து முடிந்துவிட்டது. இரண்டாவது வாக்கியத்தைத் திருப்பி எழுதியிருந்தால் "தேறியவர்கள் எல்லோரும் அழைக்கப்படுபவர்கள்" ஆகும், பெரும்பதத்தின் கோடு போய்விடும், மேலே வந்த முடிவு வலிதற்றது என்று விடை எழுதிவிடுவீர்கள்.

"தேறியவர்களில் சிலர் அழைக்கப்படுபவர்கள்" என்று இன்னொரு முடிவு கேட்டால்? தாளின் மேலே "உண்டு" என்று எழுதியிருந்தால் பின்தொடரும், நிறைவிதியைக் குறைத்துத் திருப்பியதுதான். "தெரியாது" என்று எழுதியிருந்தால் பின்தொடராது. நேர்காணலே நடக்காமல் போனாலும் அந்த அறிவிப்பு மெய்யாகவே இருக்கும், அழைக்கப்பட்டவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.